வானம் தோண்டும் முன்பு பட்டாவைப் பாருங்கள்
வீடு கட்ட அனுமதி பெறுவதில் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும், கிராமத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வீடுதான். ஓடு ஒழுகுகிறது, மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது, சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது. உடனே கொத்தனாரைப் பார்த்து நாள் குறித்து, செங்கல்லுக்கு முன்பணமும் கொடுத்து, வானம் தோண்டிவிடுகிறார்கள். சொந்த நிலத்தில் சொந்தப் பணத்தில் கட்டுகிற வீட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது.

தொல்லை பாதியில் வருகிறது. சுவர் லின்டல் மட்டத்துக்கு எழும்பி, கையிருப்பு தீர்ந்து, வங்கியில் வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது, அங்கே முதலில் கேட்பது அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான். அது இல்லையென்றால் கடன் இல்லை. பங்காளி ஒருவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தாலும் வேலை நின்றுவிடும். கம்பி வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடிக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த நஷ்டம் இரண்டு மூன்று வருட வெள்ளாமைக்குச் சமம்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி எல்லைக்குள் வீடு கட்டவும் அனுமதி அவசியம். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1997-ல் கட்டட விதிகள் வந்தன. 2019 பிப்ரவரி முதல் மாநகரம், நகரம், கிராமம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்’ நடைமுறையில் உள்ளன. அனுமதி வழங்குவது ஊராட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அந்தப் பொறுப்பைப் பார்ப்பார்.

வரைபடத்தில் குற்றம் இருந்தால் பொறியாளர் ஒரே நாளில் திருத்திக் கொடுத்துவிடுவார். நிலத்தின் பதிவேட்டில் குற்றம் இருந்தால் அதைத் திருத்த மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்களும் ஆகும். ஆகையால் வேலை தொடங்க வேண்டிய இடம் கொத்தனார் வீடு அல்ல, கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகம்.

நத்தமா, மனையா, வயலா?

வீடு கட்டப்போகும் இடம் அரசுப் பதிவேட்டில் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. கண்ணுக்குத் தெரிவது வேறு, ஏட்டில் இருப்பது வேறாக இருக்கலாம். பதினைந்து வருடமாகத் தரிசாய்க் கிடந்து கருவேலம் மண்டிய இடமும் ஏட்டில் நஞ்சையாகவே இருக்கும்.

கிராம நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க விட்ட இடம். இதில் வீடு கட்டுவது சுலபம். நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த பட்டா இருந்தால் அதன் நகலை வைத்து விண்ணப்பிக்கலாம். பழைய குடும்பங்கள் பலவற்றில் பட்டா இருக்காது, வீட்டு வரி ரசீது மட்டும் கட்டுக்கட்டாக இருக்கும். வரி ரசீது அனுபவத்துக்குச் சாட்சியே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது. இப்படிப்பட்டவர்கள் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்பே தாசில்தாரிடம் பட்டாவுக்கு மனுச் செய்துகொள்வது நல்லது. வீடு நிற்கும்போது அனுபவத்தைக் காட்டுவது எளிது. இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வேலியை இரண்டடி நகர்த்தி வைத்தால் வழக்குத்தான் மிஞ்சும்.

விலைக்கு வாங்கிய மனை என்றால் அந்த மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் வயலை வரப்பு வெட்டி, கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பின் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ஆம் தேதி அல்லது அதற்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ள அவை வழி செய்தன. கையில் இருப்பது அப்படிப்பட்ட மனையானால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பத்திரக்கட்டில் தேடிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் அதை முடித்துக்கொண்டுதான் வரைபடத்துக்குப் போக வேண்டும்.

ஏரி, குளம், வாய்க்கால், ஓடைப் புறம்போக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அனுமதி கிடைக்காது. தாத்தா காலத்திலிருந்து உழுதோம், பி மெமோ கட்டிவருகிறோம் என்பதெல்லாம் செல்லாது. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போடுகிற தண்டத் தீர்வை, உரிமை அல்ல. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அங்கே கட்டிய வீட்டை எந்த வருஷத்திலும் இடிக்கச் சொல்லலாம்.

வயலில் வீடு

சிறு விவசாயிகளுக்கு அதிகச் சங்கடம் தருவது இதுதான். நத்தத்தில் இடம் போதவில்லை, அண்ணன் தம்பி இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக வேண்டும், இருப்பதோ வயல் மட்டுமே. அதில் ஐந்து சென்ட் ஒதுக்கி வீடு கட்டலாமா?

கட்டலாம். ஆனால் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், அதற்காக 2017-ல் வெளியிட்ட நில உபயோக மாற்ற விதிகளும், முழுமைத் திட்டம் இல்லாத கிராமப் பகுதிகளுக்கு இதை விதிக்கின்றன. நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு பெற்ற பிறகே ஊராட்சி அனுமதி தர முடியும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. இதற்குக் கட்டணமும் உண்டு, காலமும் பிடிக்கும். நகரத்தை ஒட்டிய ஊர்கள் முழுமைத் திட்டத்துக்குள் வந்திருந்தால், அந்தச் சர்வே எண் குடியிருப்புப் பகுதியில் இருக்கிறதா, விவசாயப் பகுதியில் இருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நஞ்சையும் புஞ்சையும் இரண்டும் இருப்பவர் புஞ்சையில் கட்டுவதே நலம். காகித வேலை குறையும் என்பது ஒரு காரணம். நஞ்சை தாழ்வான இடம், வருஷத்தில் நாலைந்து மாதம் ஈரம் சுமக்கும், களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் மூன்றாம் வருடம் சுவரில் கோடு விழும். நிரவி மேடாக்கினால் மேல்வயல் தண்ணீர் வடியும் வழி அடைபடும். பக்கத்து வயல்காரரின் பயிர் மூழ்கும். கரிசல் காட்டிலும் மண்ணின் குணம் இதே. அங்கே புஞ்சையானாலும் அஸ்திவாரத்தைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும்.

மற்றொன்று, வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சென்டுக்கு மட்டும் உட்பிரிவு செய்து, அந்த உட்பிரிவு எண்ணுக்கே உபயோக மாற்றம் கேட்பது நல்லது. முழுச் சர்வே எண்ணையும் சேர்த்து மாற்றக் கேட்பது வீண் செலவு. மீதி நிலம் விவசாய நிலமாகவே ஏட்டில் இருந்தால்தான் பயிர்க்கடனுக்கும் அடங்கலுக்கும் குழப்பம் வராது.

மோட்டார் அறை, மாட்டுக் கொட்டகை என்று பெயர் சொல்லிக் கட்டிவிட்டுப் பிறகு குடியேறுவது சில இடங்களில் நடக்கிறது. அது வீடாக ஏட்டில் ஏறாது. கடனுக்கும் உதவாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதும் தகராறு.

கூட்டுப் பட்டா

ஒரு ஏக்கர் நிலம் தகப்பனார் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்து வரப்புப் போட்டு உழுது வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் தெரிந்த பாகம். ஆனால் ஏட்டில் அது இன்னும் தகப்பனாருடையது. இளையவர் தன் பாகத்தில் வீடு கட்ட விண்ணப்பித்தால் உரிமை காட்ட அவரிடம் ஒன்றுமில்லை.

முதலில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று பெற வேண்டும். பிறகு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். அல்லது மற்றவர்கள் அந்தச் சில சென்டுக்கு மட்டும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை கிரயத்துக்கு ஆவதைவிட மிகவும் குறைவு. பத்திரம் பதிவானதும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்தால் சர்வேயர் வந்து அளந்து புதிய உட்பிரிவு எண் போடுவார்.

இதில் அக்காள் தங்கைகளை விட்டுவிடக் கூடாது. சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களுக்கென்ன என்று நினைப்பது பழைய வழக்கம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டென்று 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1989-லேயே இதற்கு வழி செய்த திருத்தம் வந்துவிட்டது. கையெழுத்து வாங்காமல் கட்டிய வீட்டில் பின்னால் பங்கு கேட்டால், கேட்பவர் பக்கம் சட்டம் இருக்கிறது. வீடு எழும்பாதபோது மனத்தாங்கல் இல்லாமல் முடிகிற காரியம், வீடு எழும்பிய பிறகு கோர்ட்டுக்குப் போகிறது.

பத்திரம் எழுதும்போது பாதையையும் எழுதிவிட வேண்டும். உள்ளே இருக்கிற பாகத்துக்கு ரோட்டிலிருந்து எந்தப் பக்கமாக, எத்தனை அடி அகலத்தில் வழி என்பது பத்திரத்திலேயே வர வேண்டும். வண்டிப் பாதையாக 12 அடியாவது விட்டுக்கொண்டால் நெல் ஏற்றும் லாரியும் வரலாம், நாளைக்கு மணல் லாரியும் வரலாம். பாதை இல்லாத மனைக்கு அனுமதி கேட்பது வீண் அலைச்சல்.

சென்ட், ஏர், சதுர அடி

பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்–ஏர், வரைபடத்தில் சதுர அடி அல்லது சதுர மீட்டர். மூன்றும் ஒத்துப்போகிறதா என்று விவசாயியே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி, 2.47 சென்ட். ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. 66 அடி நீளம், 33 அடி அகலம் கொண்ட மனை மிகச் சரியாக ஐந்து சென்ட். பழைய சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி என்பதால் வந்த பொருத்தம் இது. ஒரு சங்கிலி நீளம், அரைச் சங்கிலி அகலம் என்று பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 2024 ஜூலையில் சுயசான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ முதல் தளத்துடனோ கட்டும் வீட்டுக்கு, உரிமையாளரே விவரங்களுக்குப் பொறுப்பேற்று விண்ணப்பித்தால் கள ஆய்வுக்குக் காத்திராமல் இணையதளத்தில் உடனே அனுமதி கிடைக்கும். ஐந்து சென்ட் மனை இந்த வரம்புக்குள் வருகிறது. ஆறு சென்ட் 2,613 சதுர அடி ஆகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் அனுமதி இல்லாமல் போகாது. வழக்கமான முறையில் விண்ணப்பித்து ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டும். பாகம் பிரிக்கும்போதே மனை அளவைத் தீர்மானித்துக்கொள்ள இது உதவும்.

சுயசான்று சௌகரியமான முறைதான். ஆனால் யாரும் வந்து பார்க்காமல் கிடைக்கிற அனுமதியில், சொன்ன விவரம் தவறானால் அனுமதி ரத்தாகும். அதன் பொறுப்பு முழுவதும் உரிமையாளரைச் சேரும். வயலை மனை என்று காட்டி இதில் அனுமதி வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தரகர் பணத்தோடு போய்விடுவார்.

விண்ணப்பம்

ஒற்றைச் சாளர முறையில் இணையதளம் மூலமே விண்ணப்பிக்க வேண்டும். இணையம் பழக்கமில்லாதவர்கள் வரைபடம் போடும் பதிவு பெற்ற பொறியாளர் மூலம் செய்துகொள்ளலாம். கையில் வைத்திருக்க வேண்டியவை: கிரயம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, ஆதார் அட்டை, மனையின் புகைப்படம், பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம். நில உபயோக மாற்ற ஆணையோ வரன்முறை ஆணையோ பொருந்துமானால் அதுவும் சேர வேண்டும். பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டாவில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொரு முன்னெழுத்தும் இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். விண்ணப்பம் திரும்பி வர அது போதும்.

கட்டணத்தை இணையதளத்திலேயே செலுத்தி ரசீதை எடுத்துக்கொள்ள வேண்டும். ரசீதில் இல்லாத தொகைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. தனக்கு எவ்வளவு கட்டணம் என்று பணம் கட்டும் முன் உரிமையாளரே திரையில் பார்த்துவிட வேண்டும்.

வீடு கட்ட அரசு உதவி எதிர்பார்ப்பவர்களும் பட்டாவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கும் சொந்த இடமும் பட்டாவும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

மனையில் அளந்து பார்க்க வேண்டியவை

10 மீட்டர் வரை அகலமுள்ள தெருவை ஒட்டிய வீட்டுக்கு முன்புறம் குறைந்தது ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி விட வேண்டும். பக்கத்திலும் பின்புறத்திலும் விட வேண்டிய இடம் மனையின் அகலத்தையும் வீட்டின் உயரத்தையும் பொறுத்து மாறும். பொறியாளர் வரைபடத்திலேயே குறித்துத் தருவார். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். வரைபடத்தில் அதைக் காட்ட வேண்டும்.

வயலோரத்தில் கட்டுபவர்கள் தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். பம்புசெட்டுக்குப் போகும் கம்பி மனைக்கு மேலே ஓடுவது சாதாரணம். தாழ்வழுத்தக் கம்பிக்கும் மொட்டை மாடிக்கும் இடையே உயரத்தில் 2.5 மீட்டரும் (8 அடிக்குச் சற்று அதிகம்), பக்கவாட்டில் 1.2 மீட்டரும் (4 அடி) இடைவெளி வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பியானால் உயரத்தில் 3.7 மீட்டர், அதாவது 12 அடிக்கு மேல், பக்கவாட்டில் 1.2 மீட்டர். கம்பி தொய்ந்து நிற்கும் நிலையிலிருந்து அளக்க வேண்டும். காலையில் இழுத்துக் கட்டினாற்போல் தெரியும் கம்பி சித்திரை மதிய வெயிலில் தாழ்ந்துவிடும். இடைவெளி போதாவிட்டால் மின்வாரியத்தில் பணம் கட்டிக் கம்பத்தை மாற்றக் கேட்க வேண்டும். மாடிக்குக் கம்பி தூக்கும் கொத்தாள் கையில் இருபதடி இரும்புக்கம்பி இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கழிவறைத் தொட்டியைக் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, நிலம் சரியும் பக்கத்தில் வைக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுமானத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து என்பதிலும் பலர் தவறுகிறார்கள். பாசனத்துக்கென்று கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டு வேலைக்கு மின்சாரம் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகம். சோதனையில் அகப்பட்டால் தண்டம் கட்ட நேரும், இணைப்பும் ஆபத்துக்குள்ளாகும். ஒரு வீட்டுக்காக ஒரு கிணற்றின் இணைப்பைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்புத் தனியாகப் பெறலாம்.

எப்போது தொடங்குவது?

தையில் வானம் தோண்ட நினைப்பவர் முந்தைய வருஷத்து மாசி, பங்குனியிலேயே காகித வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். அறுவடையான வயலில் சர்வே கற்கள் கண்ணுக்குத் தெரியும்; சர்வேயர் சங்கிலி பிடிக்கவும் வசதி. நடவு முடிந்துவிட்டால் நாற்றை மிதித்துக்கொண்டு அளக்க யாரும் வரமாட்டார்கள். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால், டிராக்டர் உழவில் புதைந்தோ பெயர்ந்தோ இருக்கும், அதை மறுபடி நடுவதற்கும் அப்போதே மனுக் கொடுத்துவிடலாம். உட்பிரிவும் பட்டாவும் ஆடிக்குள் முடிந்தால், நில உபயோக மாற்றம் தேவைப்படுபவருக்கு ஆவணி முதல் மார்கழி வரை ஐந்து மாதம் கிடைக்கும். நத்தத்தில் கட்டுபவருக்கு இவ்வளவு காலம் வேண்டியதில்லை. பட்டா கையில் இருந்தால் கார்த்திகையில் பொறியாளரைப் பார்த்தாலும் போதும்.

அனுமதி ஆணை வந்ததும் அதில் எழுதியுள்ள காலவரம்பையும் நிபந்தனைகளையும் பொறியாளரை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆணையின் நகலும் வரைபடத்தின் நகலும் கட்டுமிடத்தில் இருக்கட்டும்; கொத்தனார் தன் யோசனைப்படி திண்ணையைத் தெருப்பக்கம் இரண்டடி இழுக்காமல் பார்த்துக்கொள்ள அது உதவும். வீடு முடிந்து குடிபுகுந்ததும் ஊராட்சியில் வீட்டு வரி போடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். வரி ரசீது பட்டாவில் உள்ள அதே பெயரில் வருகிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.